தமிழா, பிரெஞ்சா? அட்மிஷன் படிவத்தில் இருக்கும் இந்தக் கேள்வியே தப்பு!

கலை, அறிவியல் கல்லூரி அட்மிஷன் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: 'பகுதி-1 மொழி'. சென்னையிலோ கோவையிலோ உள்ள பெரிய கல்லூரி என்றால், அந்தக் கட்டத்துக்கு முன்னால் மாணவர் கொஞ்ச நேரம் பேனாவை நிறுத்தி யோசிப்பார். தமிழ், இந்தி, பிரெஞ்சு... எதை எடுத்தால் மார்க் வரும்?

சங்கரன்கோவில் பக்கம் வந்தால் பெரும்பாலும் அந்த யோசனைக்கே வேலை இல்லை. 'தமிழ்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து ப்ளஸ் டூ படித்த ஒரு பெண்ணுக்கு பிரெஞ்சு கற்க ஆசை வந்தால் என்ன செய்வது? பிரெஞ்சு கற்பிப்பதற்கென்றே இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் மையம் சென்னையில் இருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம், ஏறக்குறைய 600 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலும் ஒன்று உண்டு. தூரம் குறைவுதான், ஆனால் மலையைத் தாண்டி வேறு மாநிலம். வாரம் 2 நாள் வகுப்புக்கு யார் போய் வருவது?

சரி, வாய்ப்பு இருக்கும் ஊர்களிலாவது பிரெஞ்சு ஒழுங்காக நடக்கிறதா? அங்கேதான் இந்தக் கதையே ஆரம்பிக்கிறது.

மார்க்குக்காக ஒரு மொழி

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் பாடத்திட்டம் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கும். பகுதி-1 தமிழ் அல்லது வேறு ஒரு மொழி. பகுதி-2 ஆங்கிலம். பகுதி-3 முதன்மைப் பாடமும் அதன் துணைப் பாடங்களும். நான்கில் விருப்பப் பாடம், திறன் பாடம் போன்றவை. ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரியான விரிவாக்கப் பணிகள். திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வரும் சங்கரன்கோவிலுக்கும் இதே சட்டகம்தான்.

இதில் பகுதி-1-ல் இருக்கும் அந்த 'அல்லது' என்ற வார்த்தைதான் சிக்கல். பிரெஞ்சு வேண்டும் என்றால் தமிழை விட வேண்டும். தமிழ் வேண்டும் என்றால் பிரெஞ்சை மறந்துவிட வேண்டும்.

இந்தப் பழக்கம் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக நகர்ந்து 2015-16 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை எட்டியது. பத்துவரை தமிழ் கட்டாயம். ஆனால் ப்ளஸ் ஒன்னில் கதவு திறந்துகொள்கிறது. நகரத்து மெட்ரிக் பள்ளிகளில் அந்தக் கதவு வழியாக பிரெஞ்சுக்குப் போகிறவர்கள் நிறைய. மொழிமேல் காதலா? சிலருக்கு இருக்கலாம். மற்றவர்களுக்குக் கணக்கு வேறு. 'தமிழ்ல பக்கம் பக்கமா எழுதினாலும் மார்க்கைக் குறைப்பாங்க, பிரெஞ்சுல சுளையா வாங்கிடலாம்' என்பது பெற்றோர் வட்டாரத்தில் தலைமுறையாக ஓடும் பேச்சு. 1200 மார்க் காலத்தில் ஆரம்பித்த அந்தப் பேச்சு, 600-க்கு மாறிய பிறகும் அடங்கவில்லை.

கல்லூரிக்கும் அதே மனசுதான் வருகிறது. விளைவு, முதலாண்டு பிரெஞ்சு வகுப்பில் இரண்டு ஆண்டு ஏற்கெனவே படித்தவரும், எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் ஒரே பெஞ்சில். முதல் ஆளுக்கு வகுப்பு போரடிக்கும். இரண்டாவது ஆளுக்குப் பயம் பிடிக்கும். பாடமோ இருவருக்கும் ஒன்றே.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பகுதி-1 மொழிக்குப் பல பாடத்திட்டங்களில் வாரத்துக்கு 6 மணி நேரம் ஒதுக்குகிறார்கள். ஒரு செமஸ்டருக்கு 15 வாரம் என்றால் 90 மணி. நான்கு செமஸ்டருக்கு 360 மணி. ஐரோப்பிய மொழித் தரநிலையின் முதல் படியான ஏ-1-க்கு 60 முதல் 100 மணி நேரம் போதும் என்பது பொதுவான மதிப்பீடு. 360 மணியில் மூன்றாவது படியான பி-1-ன் வாசலில் நிற்க வேண்டும். அதாவது பாரிஸில் இறங்கினால் சமாளித்துவிடலாம் என்ற நிலை. ஆனால் இரண்டு வருடம் பகுதி-1 பிரெஞ்சு படித்து நல்ல மார்க் வாங்கியவரிடம் போய், பிரெஞ்சில் இரண்டு வாக்கியம் பேசச் சொல்லிப் பாருங்கள். ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

தப்பு மாணவர் மேல் இல்லை. பெரும்பாலான இடங்களில் 75 மார்க் எழுத்துத் தேர்வு, 25 உள்மதிப்பீடு. கோடிட்ட இடத்தை நிரப்பு, வினைச்சொல்லை மாற்று, பத்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர். வாயைத் திறக்காமலேயே பாஸ் ஆகிவிடலாம். பிரான்ஸ் அரசின் டெல்ஃப் தேர்வு இப்படி விடாது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 வாங்கினால் தேர்ச்சி. ஆனால் ஏதாவது ஒன்றில் 5-க்குக் கீழே போனால் மற்ற மூன்றில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் ஃபெயில்.

நடுவில் எதற்கு ஆங்கிலம்?

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித் தரப்படுகிறது. புத்தகத்தின் விளக்கம் ஆங்கிலத்தில், வகுப்பும் ஆங்கிலத்தில், மொழிபெயர்ப்புக் கேள்வியும் ஆங்கிலத்தில். செல்போன் செயலிகளும் பெரும்பாலும் அப்படியே. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் சங்கரன்கோவில் மாணவிக்கு இது இரண்டு ஆறுகளை ஒரே நாளில் நீந்தச் சொல்வது மாதிரி. ஆங்கிலம் தடுமாறினால் பிரெஞ்சும் போச்சு.

வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சின் பல விஷயங்களுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் பக்கத்தில் இருக்கிறது.

முதல் வகுப்பிலேயே வருவது 'து', 'வூ'. ஒருவரைப் பார்த்துச் சொல்ல இரண்டு சொற்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'யூ' ஒன்றே என்பதால், இதை ஆங்கிலத்தில் விளக்கப்போனால் அரை மணி நேரம் ஓடிவிடும். தமிழில் அரை நிமிடம்: 'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்க. பன்மையைத்தான் மரியாதைக்கும் பயன்படுத்துகிறோம் என்பதுவரை அப்படியே பொருந்துகிறது. ஒரே ஒரு வித்தியாசம். நம்மூரில் பல வீடுகளில் அம்மாவை 'நீ' என்றும் அப்பாவை 'நீங்க' என்றும் கூப்பிடுவோம். இன்றைய பிரெஞ்சு வீடுகளில் பெரும்பாலும் அப்பாவுக்கும் 'து'தான். வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு சிரிப்பலை கிளம்பும், பாடமும் மனதில் நிற்கும்.

வினைச்சொல்லும் அப்படித்தான். போகிறேன், போகிறாய், போகிறோம் என்று ஆளுக்கு ஏற்ப வால் மாறுவது தமிழ்க் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு வந்தது. பிரெஞ்சிலும் வால் மாறும். (தமிழில் 'நான்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'போகிறேன்' என்று மட்டும் சொல்லலாம். பிரெஞ்சில் முடியாது. காரணம், எழுத்தில் வேறுவேறாக இருக்கும் பல வால்கள் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும்.)

அடுத்து, எல்லாரும் பயப்படும் சேர்த்து உச்சரிக்கும் முறை. 'லெ' என்றால் பன்மையைக் குறிக்கும் முன்சொல், அதன் கடைசியில் உள்ள 'ஸ்' எழுத்தில் மட்டும் இருக்கும், வாயில் வராது. ஆனால் 'அமி', அதாவது நண்பர், பின்னால் வந்தால் தூங்கிக்கொண்டிருந்த 'ஸ்' விழித்துக்கொண்டு 'லெஸாமி' ஆகிவிடும். ஒருமைக்கு வரும் 'லெ' வேறு. அது அமியோடு சேரும்போது தன் உயிரை இழந்து 'லாமி' ஆகும். இதைப் பார்த்து ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தலையைச் சொறிவார். தமிழ் மாணவிக்கு இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் தெரியும்: புணர்ச்சி. வீடு + இல்லை சேர்ந்தால் 'வீடில்லை', உகரம் போய்விடுகிறது. பூ + கடை சேர்ந்தால் நடுவில் ஒரு 'க்' முளைக்கிறது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் யாரும் இலக்கணம் படித்துவிட்டு 'பூக்கடை' என்று சொல்வதில்லை. இன்னும் ஒன்று. திரு + அருள் 'திருவருள்' ஆகும்போது இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு 'வ்' வந்து உட்காருமே, உடம்படுமெய்? பிரெஞ்சுக் கேள்வி வாக்கியங்களிலும் இரண்டு உயிர்கள் மோதிக்கொள்ளும் இடத்தில் ஒரு 'த்' இப்படியே வந்து உட்காரும். எந்தப் பொருளும் இல்லாமல், ஓசைக்காக மட்டும். பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்த விஷயம், இங்கே வேலைக்கு வருகிறது.

மூக்கொலிகளுக்கும் பயம் வேண்டாம். பேசும்போது 'மரம்', 'பணம்' என்று உதட்டை மூடி யாராவது முடிக்கிறோமா? கடைசி 'ம்' மூக்கு வழியாகக் கரைந்துபோகிறது. பிரெஞ்சில் 'நல்ல' என்று பொருள்படும் 'போன்', ரொட்டியைக் குறிக்கும் 'பேன்' எல்லாம் அந்த வகை ஒலிதான். எழுத்துத் தமிழில் இல்லாதது, பேச்சுத் தமிழில் இருக்கிறது.

எண்களைக் கேட்டால் சிரிப்பு வரும். எண்பதுக்கு 'நாலு இருபது'. தொண்ணூறுக்கு 'நாலு இருபது பத்து'. சிரிக்கும் முன் தமிழையும் பார்க்க வேண்டும். எண்பதுவரை ஒழுங்காக 'பது' போட்டு வந்துவிட்டு, தொண்ணூறில் மட்டும் எதற்கு நூறு வந்து ஒட்டிக்கொள்கிறது? தொள்ளாயிரத்தில் ஏன் ஆயிரம்? இரண்டு மொழிக்குமே அந்த இடத்தில் ஒரு கிறுக்கு இருக்கிறது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் தொண்ணூறுக்கு நேரான சொல் ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்பது தனிக்கதை.

எல்லாமே சுலபம் என்று சொன்னால் பொய். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்ற விவகாரத்தில் தமிழ் கைகொடுக்காது. நமக்கு இரண்டும் அஃறிணை, அதோடு முடிந்தது. இங்கே இந்தி தெரிந்தவருக்குத்தான் வசதி. தொண்டைக்குள் இருந்து வரும் 'ர'வும், உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்ல வேண்டிய அந்த உயிரொலியும் பழகப் பழகத்தான் வரும்.

தமிழிலிருந்து நேராக பிரெஞ்சுக்குப் போவது புதுசும் இல்லை. 18-ம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழில்தான் இருக்கிறது. அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால், பாரிஸில் லா ஷாப்பெல் பகுதிக்குப் போகலாம். 1980-களில் போர் துரத்தியதால் இலங்கையிலிருந்து பிரான்ஸ் போய்ச் சேர்ந்த தமிழர்களில் பலர், உணவக அடுக்களைகளிலும் துப்புரவு வேலைகளிலும் நின்றபடி காதால் கேட்டே பிரெஞ்சைப் பிடித்தார்கள். அப்படி அகதியாகப் போனவர்களில் ஒருவரான எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகனாக நடித்த 'தீபன்' படம்தான் 2015-ல் கான் விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வாங்கியது. அவர் கதை எழுதுவது இன்றும் தமிழில்.

படித்தால் வேலை கிடைக்குமா?

சங்கரன்கோவில் வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வர வேண்டியதும்தான். உண்மையான பதில்: ஏ-1 சான்றிதழை வைத்து வேலை கிடைக்காது. தமிழ்நாட்டில் செயின்ட் கோபேன், மிஷெலின் மாதிரி பிரெஞ்சு நிறுவனங்களின் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே வேலைக்குச் சேர பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மொழிபெயர்ப்பு, பிரெஞ்சு வாடிக்கையாளர் சேவை போன்ற வேலைகள் பொதுவாக எதிர்பார்ப்பது பி-2. அதற்கு 500, 600 மணி நேரம் ஆகும்.

வெளிநாட்டுக் கதவுகளும் அந்த உயரத்தில்தான் திறக்கின்றன. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் நல்ல நிலையில் இருந்தால் கூடுதலாக 50 புள்ளிகள்வரை கிடைக்கும். 2023-ல் இருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றும் நடத்துகிறார்கள். 2024 பிப்ரவரி கடைசியில் நடந்த அப்படியொரு சுற்றில் கட்-ஆஃப் 336. அதே மாதம் பொதுச் சுற்றில் அது 530-ஐத் தாண்டியிருந்தது. பிரான்ஸைப் பொறுத்தவரை, 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்கள் என்ற இலக்கை அதிபர் மக்ரோன் 2024 குடியரசு தினத்தன்று அறிவித்தார். பிரெஞ்சு தெரியாதவர்கள் அங்கேயே மொழி கற்றுவிட்டுப் படிப்பில் சேரும் ஏற்பாட்டையும் அப்போது சொன்னார். விசா கொள்கைகள் எப்போது வேண்டுமானாலும் மாறும், அதை நம்பி மட்டும் யாரும் மூன்று வருடத்தைச் செலவழிக்கக் கூடாது. நர்சிங் முடித்தவர் என்றால் ஜெர்மன்தான் இன்றைக்குக் கூடுதல் பயன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பி-2-வை எட்டும் ஒவ்வொருவரும் ஏ-1-ல்தான் ஆரம்பித்தார்கள். சென்னை மாணவருக்கு அந்த ஆரம்பம் 17 வயதில், கல்லூரிக்குள்ளேயே, தனிக் கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது. சங்கரன்கோவில் மாணவிக்கு வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, வார இறுதி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்த பிறகுதான் கிடைக்கும். ஐந்தாறு வருடம் தாமதம்.

அதற்காகத் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடு என்று அவளிடம் சொல்ல முடியுமா? கூடாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வில் தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அரசு வேலை பல வீடுகளின் முதல் கனவாக இருக்கும் ஊரில், தமிழ் வகுப்பை விடச் சொல்வது அநியாயம். தேர்வை விடுங்கள், தமிழே தமிழுக்காக வேண்டும்.

சிவனா, விஷ்ணுவா, யார் பெரியவர் என்று சங்கனும் பதுமனும் சண்டை போட்டதாகவும், இரண்டு பேரும் ஒரே உருவில் சங்கரநாராயணராகக் காட்சி தந்ததாகவும் தலபுராணம் சொல்லும் ஊர் இது. 'அல்லது' என்ற சொல்லுக்கு இந்த ஊரில் கொஞ்சம் மதிப்புக் குறைவுதான்.

இடம் ஏற்கெனவே இருக்கிறது

நல்ல செய்தி, இதற்காகப் பெரிய சட்டம் எதுவும் போட வேண்டியதில்லை. பகுதி-4-ஐத் திரும்பப் பாருங்கள். பகுதி-1-ல் பிரெஞ்சு எடுத்த மாணவர், பள்ளியில் எவ்வளவு தமிழ் படித்தார் என்பதைப் பொறுத்து அங்கே அடிப்படைத் தமிழோ சிறப்புத் தமிழோ படித்தாக வேண்டும். அதாவது பிரெஞ்சு மாணவரைத் தமிழ்ப் பக்கம் கூட்டிவர ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பாலம் ஒருவழிப் பாதை. பகுதி-1-ல் தமிழ் எடுத்த மாணவிக்கு அதே நேரத்தில் 'முதன்மைப் பாடம் சாராத விருப்பப் பாடம்' என்று ஒன்று கிடைக்கிறது. மாணவர்கள் பாஷையில் என்.எம்.இ. வேறு துறை ஆசிரியர் யாராவது ஒருவர் எளிமையாக ஒரு தாள் நடத்துவார், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் 'தொடக்கநிலை பிரெஞ்சு' ஏன் இருக்கக் கூடாது? வாரம் 2 மணி, செமஸ்டருக்கு 15 வாரம், இரண்டு செமஸ்டர். 60 மணி நேரம். ஏ-1-ன் குறைந்தபட்சக் கணக்குக்குச் சரியாக வருகிறது. தமிழை விட வேண்டாம், முதன்மைப் பாடத்தில் கைவைக்க வேண்டாம்.

மூன்று நிபந்தனைகள் மட்டும் இருந்தால் போதும். பள்ளியில் பிரெஞ்சு படித்தவர் இந்த வகுப்பில் சேரக் கூடாது. விளக்கம் தமிழில் இருக்க வேண்டும். மார்க்கில் கால் பங்காவது வாய்மொழித் தேர்வுக்குப் போக வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு மனப்பாடத் தாள் ஆகிவிடும்.

ஆசிரியருக்கு எங்கே போவது? இதுதான் நியாயமான எதிர்க்கேள்வி. சங்கரன்கோவில் கல்லூரி ஒன்றுக்காக மட்டும் ஒரு பிரெஞ்சு ஆசிரியரை நியமிப்பது நடக்காத காரியம். ஆனால் சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி எல்லாம் பஸ்ஸில் போய் வரும் தூரம். ஒரே ஆசிரியர் கிழமைக்கு ஒரு ஊராகச் சுற்றி வரலாம். 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரிகளுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர்களைக் கொண்டுவரும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, செலவை அங்கே வைக்கலாம். ஆன்லைனில் முடித்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். 60 பேர் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஜூம் வகுப்பில் உச்சரிப்பு வராது. கேட்கும் பயிற்சிக்குப் போன் போதும். வாயைத் திறக்க, எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

புத்தகம்? அது இன்னும் சுலபம். புதுச்சேரியிலும் சென்னையிலும் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காம்யுவின் 'அந்நியன்', செந்த் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' எல்லாம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்து நாற்பது வருடம் தாண்டிவிட்டது. நாவலையே கொண்டுவர முடிந்த மொழிக்கு, 100 பக்கத்தில் ஒரு தொடக்கநிலைப் பாடநூல் எழுதுவது முடியாத வேலை அல்ல. பல்கலைக்கழகம் கேட்டால் எழுதித் தர ஆள் உண்டு. இதுவரை கேட்கவில்லை.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி, என்.எம்.இ. பட்டியலில் தாள்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் வாடிக்கை. திருநெல்வேலியில் அடுத்த முறை அந்தக் கூட்டம் நடக்கும்போது பட்டியலில் ஒரு வரி கூடினால் போதும். ஜூனில் அட்மிஷன், ஜூலையில் முதல் வகுப்பு. ஆடித்தபசு லீவு முடிந்து திரும்பும்போது, சங்கரன்கோவில் மாணவி தன் பெயரையும் ஊரையும் பிரெஞ்சில் சொல்லியிருப்பாள்.